நிறுத்தச் சொன்ன செய்தி

விருத்தாசலத்தில் எங்கள் செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் வரையும் அக்கா, இலங்கையில் கடைசிச் சண்டை முடிந்ததும் படகேறி வந்தவர். மெலிந்த கை, விரல் நுனியில் எந்நேரமும் கறுப்புச் சாயம். மதியச் சாப்பாட்டின்போது போனைப் பொம்மைமேல் சாய்த்துவைத்து, காசா செய்தியை முடியும்வரை பார்ப்பார்.

ஒருநாள் அதில் இடிபாட்டுக்குள்ளிருந்து ஒரு குழந்தையைத் தூக்கினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

“அத நிறுத்துங்கக்கா. பாத்து நாம என்னா பண்ணப் போறோம்?” என்றேன்.

அவர் கோபப்படவில்லை.

“எங்கட பிள்ளையளையும் இப்பிடித்தான் தூக்கினனாங்கள், தம்பி. அண்டைக்கும் ஆரோ சாப்பிட ஏலாமல் டிவியை நிப்பாட்டியிருப்பினம்.”

அந்த நாட்களில் எங்கள் வீட்டு ரிமோட் என் கையில்தான் இருந்தது. அதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.