செக்கிழுத்தார் என்று எழுதினேன்

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு செப்புப் பட்டயம் மாட்டியிருக்கிறது. செத்தவர் பேரில் அப்பா கைநீட்டி வாங்கியது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதன் முன்னால் கும்பிடாத குறையாக நிற்கும்போது எனக்குத் துப்பத்தான் தோன்றும். தூ! அதற்கு மனு எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

பட்டயத்துக்கு உரியவர் அப்பாவின் சித்தப்பா. நான் தாத்தா என்று கூப்பிடுவேன். வெள்ளைக்காரன் காலத்தில் அந்தமானில் பதினாலு வருஷம் கைதியாகக் கிடந்தவர். எதற்காக என்று தூத்துக்குடியில் யாருக்கும் தெரியாது. வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரியும். அந்த வெட்கத்தில்தான் மணப்பாட்டை விட்டே இங்கே வந்தோம்.

முத்துக் குளிக்கக் கடலில் இறங்குகிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் கரை வழக்கம். கூடப் பிறந்தவளின் தாலியை அறுக்க எவனுக்கும் மனசு வராது என்ற நம்பிக்கை. தாத்தா தன் தங்கை புருஷனுக்குக் கயிறு பிடித்தவர். ஒரு முத்தை ஒளித்துவைத்துவிட்டான் என்று முந்தின நாள்தான் இரண்டு பேருக்கும் சண்டை. அடியிலிருந்து கயிறு அசைந்தது. தாத்தா இழுக்கவில்லை. படகில் இருந்தவர்கள் கத்தக் கத்த, கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றார். அவரைத் தள்ளிவிட்டு அவர்கள் இழுத்தபோது பிணம்தான் வந்தது.

எழுபதுகளில் தியாகிகளுக்குப் பட்டயமும் பென்ஷனும் கொடுக்க ஆரம்பித்தார்கள். அப்பாவுக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"அந்தமான்ல இருந்தாருல்லா? அது போதும். செக்கு இழுத்தாருன்னு எழுதுலே" என்றார். எங்கள் ஊரில் அந்த வார்த்தையைச் சொன்னால் கேட்கிறவன் கோயில் வாசலில் நிற்கிற மாதிரி செருப்பைக் கழற்றிவிடுவான்.

கட்டிலில் கிடந்த தாத்தா தலையைத் தூக்கினார். "நான் இழுக்கலலே. இழுக்க வச்சேன்."

நல்ல கைதி என்று இடுப்பில் ஒரு பட்டையும் கையில் ஒரு தடியும் கொடுத்து, மற்றக் கைதிகளை மேய்க்க விட்டிருந்தார்களாம். "தேசத்துக்காக வந்த பய ஒருத்தன். செக்கு சுத்தமுடியாம வாந்தி எடுத்தான். அத அவன் நாக்காலயே வழிக்க வச்சேன்."

என் பேனா நின்றுவிட்டது. ஆனாலும் அப்பா ஒரு முறை முறைத்ததும் 'செக்கிழுத்தார்' என்று எழுதினேன். எழுத்து வேறு முத்து முத்தாக விழுந்தது, சனியன்.

மனு எப்படியோ பாஸாகிவிட்டது. வெள்ளிக்கிழமை பட்டயத்தோடு வீட்டுக்கே வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அந்த வாரமே தாத்தாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பங்குச் சாமியார் வந்து கடைசி எண்ணெய் பூசுவதற்கு முன்னால் அவருக்கு ஒரே ஒரு காரியம் முடிய வேண்டியிருந்தது.

"தங்கச்சியக் கூட்டிட்டு வாலே. அவ கால்ல விழாம நான் எப்படிச் சாவேன்?"

"வெள்ளி கழியட்டும் சித்தப்பா" என்றார் அப்பா. வெளியே வந்து என்னிடம், "எங்க அத்தை வந்தா தெருவுல நின்னு எல்லாத்தையும் கொட்டிருவா. வாசல்லயே மறிச்சிரு" என்றார்.

இரண்டு நாள் தாத்தா கேட்டுக்கொண்டே கிடந்தார். மூத்திர நாற்றத்துக்குப் பயந்து யாரும் பக்கத்தில் போகவில்லை. மீன் கொண்டு வந்தவளிடம் அவரே எப்படியோ சொல்லி விட்டிருக்கிறார். புதன்கிழமை காலையில், மணப்பாட்டிலிருந்து பஸ் ஏறி, அந்தத் தங்கை வாசலில் வந்து நின்றாள். வெள்ளைச் சேலை, இரண்டு காதும் மந்தம்.

"அண்ணன் வரச் சொன்னானாம்."

"தூங்குதாரு. நாளைக்கு வாங்க" என்று காதருகே கத்தினேன்.

உள்ளேயிருந்து தாத்தா, "யாருலே வந்திருக்கா? தங்கச்சியா?" என்று கேட்டார். எனக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை.

"அம்பது வருஷமா ஒரு வார்த்தைக்குக் காத்துக் கெடக்கேன் மக்கா. தப்புத்தான்னு அவன் வாயால சொல்லிக் கேக்கணும். ஒரு நாள்தான, இருந்து பாத்துட்டே போறேன்" என்று படியிறங்கிப் போனாள். நான் கதவைச் சாத்தினேன். யாரும் இல்லை என்று தாத்தாவிடம் சொன்னதும் நான்தான்.

சாயங்காலம் அவர் செத்துப்போனார்.

மறுநாள் நான் சொன்னபடியே அவள் வந்தாள். அதற்குள் தியாகி செத்துவிட்டார் என்று தெருவே திரண்டிருந்தது. சவப்பெட்டிக்குள் மாலையும் ரோஜாவுமாகக் கிடந்தார். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், குனிந்து, அவர் வாயருகே காதை வைத்தாள். ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள்.

என் பக்கத்தில் நின்ற பலசரக்குக்கடை அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியாலே, தங்கச்சிக்கு அண்ணன் மேல எம்புட்டுப் பாசம்!"

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.