ஒரு மணி நேரத்துல பளபளன்னு ஒரு வீடு

வீடு துடைக்கிற தொழில்ல அழுக்கால நமக்கு ஒரு தொல்லையும் இல்ல. அது வாயைத் தொறந்து பேசாது. பேசுறதெல்லாம் வீட்டுக்காரங்க தான். வாளியும் மாப்புமா மயிலாப்பூர்லயும் அடையார்லயும் மாடிப்படி ஏறி எறங்குற அக்கா தங்கச்சிங்களே, உங்களுக்கு நான் புதுசா ஒன்னும் சொல்லப் போறதில்ல. என் பேரு தேவி, சைதாப்பேட்டை. நான் பட்டதைச் சொல்றேன், நீங்க பட்டதோட சேர்த்து வச்சுப் பாத்துக்குங்க.

கையோட கையா

மயிலாப்பூர்ல குளத்துக்குப் பின்னாடி ஒரு அபார்ட்மென்ட், ரெண்டாவது மாடி. மாமி பேங்க்ல பெரிய ஆபீசரா இருந்து ரிட்டையரானவங்க. மாமா எந்நேரமும் பேப்பரும் கையுமா சோபாவுல இருப்பாரு. மாப்பு கிட்ட வந்தா காலை மட்டும் தூக்குவாரு, அந்த வீட்டு வேலையில அவர் பங்கு அவ்ளோ தான். நான் காலைல ஒம்போதுலேர்ந்து பதினொன்னு வரைக்கும் அங்க இருப்பேன். பெருக்கித் துடைச்சு, பாத்ரூம் கழுவி, ஒட்டடை அடிச்சு முடிக்க அந்த ரெண்டு மணி நேரம் சரியா இருக்கும்.

ஒரு நாள் மாமி என்னை உக்கார வச்சு காபி குடுத்தாங்க. வீட்டுக்காரங்க உக்கார வச்சு காபி குடுத்தா நாம உஷாராயிடணும். எனக்கு அப்போ அந்த விவரம் பத்தல. "இங்க நாங்க ரெண்டு பேர் தானே. இனிமே பத்து மணி வரைக்கும் பண்ணினாப் போறும், சம்பளமும் பாதி. எல்லாம் மேலாப்புல பண்ணு"ன்னாங்க. சரி, மேலாப்புலன்னா மேலாப்புல! மறுநாள் மேலாப்புல பெருக்கி, மேலாப்புல துடைச்சு, பத்து மணிக்குச் செருப்பை மாட்டினேன். மாமி சிரிச்ச மூஞ்சியோட வாசலுக்கே வந்தாங்க. "வேலை ஒன்னும் பெருசா இல்லடி தேவி. கையோட கையா ஃபேன், ஜன்னல் கம்பி, பரண், பால்கனி, இந்த நாலை மட்டும் பாத்துட்டுப் போயிடேன்."

சாந்தோம் வீடு

அந்த நாலும் அன்னிக்கு ஒரு நாளோட சரி. கையில கிடைச்ச ஒரு மணி நேரத்தைச் சும்மா விடுவேனா? சாந்தோம்ல ஒரு ரிட்டையரான டீச்சரம்மா வீட்ல சேந்துட்டேன். அவங்க வீட்டுக்காரரும் வாத்தியார் தான், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் முழுக்க விழுந்துபோச்சு. பத்தரைக்கு அவரைத் திருப்பிப் படுக்க வச்சு, கீழ போட்ட துணியை மாத்தணும். டீச்சரம்மா ஒத்த நாடி ஒடம்பு, தனியா அவங்களால ஆகாது. அவங்க ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் புடிச்சாத் தான் ஆகும்.

காஞ்ச துணி முதுகுல பட்டதும் சார் கண்ணை மூடிக்கினு ஒரு மூச்சு விடுவாரு பாருங்க! எத்தனையோ வீட்ல எத்தனையோ தரையைத் தேய்ச்சுட்டேன். என் கை பட்டு ஒரு மனுஷன் நிம்மதியாகறதை அங்க தான் பாத்தேன். எந்த வீடு போனாலும் இந்த வீடு மட்டும் போகக் கூடாதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். டீச்சரம்மா ஒன்னே ஒன்னு தான் கேட்டாங்க. "லீவு வேணும்னா முன்னாடியே சொல்லிட்டு எடுத்துக்கோ. லேட்டா மட்டும் வராதம்மா, சார் ஈரத்துலயே கிடப்பாங்க."

விரல் பரீட்சை

இங்க மயிலாப்பூர்ல மாமிக்கு ஒரு விரல் கீது. மத்த ஒம்போது விரலும் காபி ஆத்த, பூ கட்ட. இது ஒன்னு மட்டும் என்னைப் புடிக்கறதுக்குன்னே வளந்தது. நான் கெளம்புற நேரம் பாத்து அது வேலைக்குக் கெளம்பும். ஃப்ரிட்ஜ் மேல ஒரு இழுப்பு, கதவு விளிம்புல ஒரு இழுப்பு, சாமி படத்துக்குப் பின்னாடி ஒரு இழுப்பு. அப்புறம் என் மூக்குக்கு நேரா நீட்டுவாங்க. மை வச்ச மாதிரி கருப்பா இருக்கும்.

ஒரு நாள் பொறுக்க முடியாம கேட்டுட்டேன். "இன்னா மாமி இது? நேரத்தைக் கொறைக்கும்போது மேலாப்புல பண்ணாப் போறும்னு நீங்க தானே சொன்னீங்க?" மாமி கண்ணு கூட சிமிட்டல. "ஆமா, நானும் ஃப்ரிட்ஜுக்கு மேலாப்புல தானேடி பாத்தேன்?"

வட்டமா ஒரு வேலைக்காரி

அமெரிக்காவுல இருக்கற மாமியோட புள்ள ஒரு மிஷின் அனுப்பியிருந்தாரு. வட்டமா, தோசைக்கல்லு சைஸ்ல. தானே பெருக்குமாம். "இனிமே நீ துடைச்சா மட்டும் போறும், பெருக்கறதை இது பாத்துக்கும்"னாங்க மாமி. எனக்கு வாயெல்லாம் பல்லு. அது ர்ர்ருன்னு கெளம்பி நேரா மாமா காலண்ட போச்சு. மாமா பேப்பரை எறக்காமயே காலைத் தூக்கினாரு பாருங்க, அது மேல எனக்கு ஒரு பங்காளிப் பாசமே வந்துடுச்சு.

பாசம் ரெண்டு நாள் தான். பூஜை ரூம் படியில முட்டிக்கினு அழும். மிதியடி நூலைத் தின்னுட்டு மூச்சு முட்டி நிக்கும். மாமி ஓடிப்போய் கைக்குழந்தையைத் தூக்கற மாதிரி தூக்கி, அடிப்பக்கம் தடவிப் பாப்பாங்க. நான் முட்டியைப் புடிச்சுக்கினு எழுந்திரிக்கறதை அந்த வீட்ல ஒருத்தரும் அப்படிப் பாத்ததில்ல. மூணாவது நாள் வெளக்குமாறு திரும்ப என் கைக்கே வந்துச்சு. "அது ஓடறதுக்கு முன்னாடி நீ ஒரு தரம் நன்னா பெருக்கிடு தேவி. பாவம், தலைமுடி இருந்தா அதுக்குச் சிக்கிக்கறது."

வெளக்குமாறு தொடக் கூடாத நேரம்

அந்தப் புள்ள லீவுல வந்துட்டுத் திரும்பிப் போற அன்னிக்கு, நான் படியேறுறேன், அவர் பெட்டியோட எறங்குறாரு. ஊருக்குக் கெளம்பினவங்க தலை மறைஞ்சதும் வீட்டைப் பெருக்கக் கூடாது. எங்க வீட்லயும் அப்படித் தான், நானே தொடமாட்டேன். வழக்கமா தெருமுனை தாண்டினாப் போதும். மாமிக்கு ஏர்போர்ட்டுக்குள்ள நுழையணுமாம்! நான் பால்கனியில குந்திக்கினேன். மாமி போன் மேல போன். கார் நந்தனத்துல நிக்குது, அப்புறம் சைதாப்பேட்டையில நிக்குது. எங்க ஏரியா டிராபிக்கை அன்னிக்கு நான் சபிச்ச மாதிரி யாரும் சபிச்சிருக்க மாட்டாங்க.

"உள்ள போயிட்டான்"னு மாமி கையெடுத்துக் கும்பிட்டப்போ மணி பத்து. நான் எழுந்து செருப்பைத் தேடினேன். "எங்கடி கெளம்பிட்டே?" "டைம் ஆயிடுச்சு மாமி, சாந்தோம்ல சார் காத்துக்கினு இருப்பாரு." ஆபீசர் மூஞ்சி ஒன்னு வச்சிருக்காங்களே, அதை மாட்டிக்கினாங்க. "உக்காந்துண்டு இருந்ததெல்லாம் வேலையில சேராது. ரெஸ்ட் எடுத்தாச்சோன்னோ, இப்போ ஆரம்பி."

அன்னிக்கு சாந்தோம்ல

ஆரம்பிச்சேன், என் புத்தியைச் சொல்லணும். முடிச்சுட்டு ஓட்டமும் நடையுமா சாந்தோம் போறதுக்குள்ள பதினொன்னரை. டீச்சரம்மா தனியா சாரைத் திருப்பப் பாத்து இடுப்பைப் புடிச்சுக்கினு நாற்காலியில உக்காந்திருந்தாங்க. சார் ஈரத்துலயே கிடந்தாரு. என்னைப் பாக்கல, செவுத்தையே பாத்துக்கினு இருந்தாரு. எனக்கு அழுகை முட்டிக்கினு வந்துச்சு. யாரோ ஒருத்தரோட ஃப்ளைட்டுக்காக இந்த மனுஷன் நனைஞ்சு கிடந்தாரேன்னு மாமி மேல வந்த கோவத்தை விட, வாயை மூடிக்கினு வெளக்குமாறை எடுத்த என் மேல தான் கோவம். ரெண்டு பேருமா துணியை மாத்தினோம். டீச்சரம்மா திட்டவே இல்ல. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆள் பாத்துப்பேன் தேவி, தப்பா நினைக்காத."

பாதி ஹால்

அடுத்த வாரமே வந்துச்சு வினை. மாமியோட பேங்க் சிநேகிதிங்க பத்து மணிக்கு டிபனுக்கு வராங்களாம். "தரையில மூஞ்சி தெரியணும். ரெண்டு தரம் துடை"ன்னாங்க. ஒரு தரம் முழுசாத் துடைச்சேன். ரெண்டாவது தரம் ஹால் பாதிக்கு வரும்போது மணி பத்து. மாப்பைப் பிழிஞ்சு வாளியை ஓரமா வச்சேன். கால் வாசலைப் பாத்துத் திரும்பிடுச்சு. "பாதி தான்டி ஆயிருக்கு!"ன்னு மாமி கத்தினாங்க. "பாதி நேரம் தானே மாமி குடுத்தீங்க"ன்னுட்டு எறங்கிட்டேன். அந்த வீடு போச்சுன்னு தான் நெனச்சேன். போனாப் போவட்டும்! பத்தரைக்கு முன்னாடி சாந்தோம் போயி, துணி மாத்தி, சார் அந்த மூச்சை விட்டப்புறம் தான் எனக்கும் மூச்சு வந்துச்சு.

சாயங்காலம் மாமி போன். வந்தவங்க எல்லாம் பளபளன்னு இருந்த பாதியிலயே நெருக்கிக்கினு உக்காந்தாங்களாம், மத்தப் பாதியில யாரும் காலே வைக்கலையாம். திட்டப் போறாங்கன்னு காதைத் தீட்டி வச்சேன். "நாளைலேர்ந்து பழையபடி பதினொன்னு வரைக்கும் இரு"ன்னாங்க. "முடியாது மாமி. அந்த ஒரு மணி நேரத்தை வேற வீட்டுக்குக் குடுத்துட்டேன், திருப்பி வாங்க மாட்டேன்"னு பட்டுனு சொன்னேன். பேங்க் ஆபீசர் மனசுக்குள்ள கணக்குப் போடறாங்கன்னு புரிஞ்சுது. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கினு வந்தாங்க. "சரி, ஒரு மணி நேரமே வா. ஆனா சித்த நீளமான ஒரு மணி நேரமா வா."

வீட்டுக்காரங்க நம்ம நேரத்தை எவ்ளோ வேணா சுருக்குவாங்க அக்கா தங்கச்சிங்களே, இத்தனை வருஷத்துல அவங்க தரை ஒரு அடி சுருங்கி நான் பாத்ததில்ல.