இரண்டு மா

நான் ஒரு வடிகட்டின முட்டாள். என் மாணவர்கள் வாயால் நீங்கள் கேள்விப்படுவதற்குள் நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும். தஞ்சாவூர் டவுனில் மூன்று வேளையும் சோறு தின்று வளர்ந்து, கணக்கில் பட்டமும் வாங்கி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியாராக வந்தவனுக்கு ‘மா’ என்றால் என்னவென்று தெரியவில்லை.

காலாண்டுத் தேர்வில் ஒரு கேள்வி. இரண்டு ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு உளுந்து என்றால், உளுந்து எவ்வளவு? ஒரு பெண் வழிமுறை எதுவும் இல்லாமல் ‘2 மா’ என்று மட்டும் எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையில் தப்பு போட்டு, பக்கத்தில் ‘இட்லி மாவா, தோசை மாவா?’ என்று எழுதினேன். எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன் வேறு.

அந்த மதிப்பெண் போனதில் அவள் பெயர் ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் கடைசியாக, பன்னிரண்டாவதாக ஏறியது. ஏறினால் தினமும் பள்ளி விட்ட பிறகு உட்கார்ந்து, கொடுத்த கணக்குகளை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டும். பட்டியல் அன்றே தலைமையாசிரியையிடம் போயாக வேண்டும்.

விடைத்தாளைக் கொடுத்ததும் மேசை முன்னால் வந்து நின்றாள்.

“சார், மாவு இல்ல சார். மா. மூணு மா ஒரு ஏக்கரு.”

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? எங்கம்மா நடவுக்குப் போறதே மா கணக்குலதான். ரெண்டு ஏக்கரு ஆறு மா. அதுல மூணுல ஒண்ணு ரெண்டு மா. சரியா, தப்பா?”

மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். ஒரு ஏக்கரில் மூன்றில் இரண்டு பங்கு. அட, சரி! எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. சாக்பீஸை அவள் கையில் திணித்தேன்.

“விடைய விடு. எப்படி யோசிச்சேன்னு சொல்லு.”

“பின்னம் வந்தா எனக்கு ஓடாது சார். அதான் தெரிஞ்சதுக்கு மாத்திக்கிட்டேன்.”

இத்தனை வருடத்தில் நான் ஒரு நாளும் சொல்லித்தராத பாடம், ஒரே வரியில்! சாக்பீஸைத் திரும்ப வாங்கி, கரும்பலகையில் அதையே பெரிதாக எழுதினேன். அவ்வளவுதான், வகுப்பு கிளம்பிவிட்டது.

“நான் முழத்துல போடட்டா சார்?” என்றாள் பூ கட்டும் வீட்டுப் பெண். ஏக்கருக்கு மூன்று முழம் என்று வைத்து நறுக்கென்று முடித்தாள்.

“சார், நீங்க எதுல போடுவீங்க?” என்றது பின்பெஞ்சு.

“இட்லியில. பிளேட்டுக்கு மூணு.”

“பாத்தாலே தெரியுது சார்!”

மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை. நான்தான் ஓடினேன், பட்டியலோடு தலைமையாசிரியை அறைக்கு. பன்னிரண்டாவது பெயரை அடித்துக் காட்டி, மா, முழம், இட்லி எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். “இந்தப் பொண்ணு மெல்லக் கத்துக்கல மேடம், நான்தான் கேக்கத் தெரியாம கேட்டிருக்கேன்!”

அவர் கண்ணாடியைக் கழற்றாமலே பட்டியலைப் பார்த்தார்.

“மத்த பதினோரு பேரயும் கேட்டீங்களா சார்?”