ரெங்கம்மா வாங்கிய முன்வரிசை டிக்கெட்

அப்புத்தளை பஸ் நிலையத்துக்கு எதிரே காமில் நானாவுக்கு ஒரு கசெட் கடை இருந்தது. பாட்டுக் கசெட், பேட்டரி, கைக்கடிகார வார் எல்லாம் அங்கே கிடைக்கும். பக்கத்து ஊர்களில் இசை நிகழ்ச்சி நடந்தால் டிக்கெட்டும் அங்கேதான். இருபது வருஷமாக அந்தக் கடை வாசலைத் தாண்டிப் போன ரெங்கம்மா ஒருநாளும் உள்ளே கால் வைத்ததில்லை. அப்படிப்பட்டவள் இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு தீபாவளிக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே வந்து, பதுளை மைதானத்து நிகழ்ச்சிக்கு இரண்டு டிக்கெட் கேட்டபோது, நானா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் பதில் சொன்னார்.

பின்னால் நின்று பார்க்கிற டிக்கெட் போதுமே என்றார் அவர். முன்வரிசைக் கதிரைக்குச் சொல்கிற விலை யானை விலை, குதிரை விலை. போன தடவை இதில் பாதிகூட இல்லை. பாடுகிறவர் ஏறி வருகிற பிளேனுக்கும் சேர்த்து நம்மிடம்தான் வசூலிக்கிறார்கள், இந்தக் காசைச் சேர்த்து வைத்தால் அந்த மனுஷனை உங்கள் லயத்து வீட்டுக்கே கூட்டி வந்து பாடச் சொல்லலாம் என்று சிரித்தார். விற்கிறவர் வாயாலேயே இப்படிக் கேட்டும் ரெங்கம்மா அசையவில்லை.

"முன்னுக்கே குடுங்க நானா. எங்க வீட்டுக்காரரு கிட்டக்க உக்காந்து கேக்கணும்" என்றாள்.

கொடுத்தது தீபாவளி முற்பணம். வருஷத்துக்கு ஒருமுறை தோட்டத்தில் கைநிறையக் கிடைத்து, பிறகு மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளப்படுகிற பணம். அந்த வருஷம் அவள் வீட்டில் புதுத்துணி கிடையாது என்று அப்போதே முடிவாகிவிட்டது. பூனாகலைப் பக்கத்தில் அவள் இருந்த தோட்டத்தில் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ரெங்கம்மா கையை மூடினால் மூடியதுதான் என்று மலையில் கொழுந்து பறிக்கிற பெண்கள் கேலி பேசுவார்கள். பதினாலு வயதில் கூடையைத் தலையில் மாட்டியவள். கட்டிக்கொண்டு வந்த பிறகும், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு ஒருநாளும் பிந்தியதில்லை. காய்ச்சலோடும் போய் ஒரு பேர் போட்டுவிட்டு வருவாள். ஒரு நாள் வேலைக்குத் தோட்டத்தில் ஒரு பேர் என்பார்கள். சாமான் வாங்கினாலும் ரூபாயில் யோசிப்பதில்லை, இதற்கு எத்தனை பேர் போடவேண்டும் என்றுதான் யோசிப்பார்கள். அந்த யோசனைதான் அவளுக்கு வினையாக முடிந்தது.

அவள் புருஷன் நல்லையாவுக்கு ஸ்டோர் என்று சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையில், ரோலர் அறையில் வேலை. கொழுந்தை அரைக்கிற அந்தப் பெரிய மெஷின்கள் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் ரோலர்காரர்கள் கையால்தான் பேசிக்கொள்வார்கள். கொழுந்து போதும் என்பதற்கு ஒரு கை, நிறுத்து என்பதற்கு ஒரு கை. விரலை மேலே தூக்கி ஒரு வட்டம் சுற்றினால் எல்லாம் சரியாக ஓடுகிறது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் போகாது. குழம்பு நல்லாயிருந்தால் நல்லையா விரலைச் சுற்றிக் காட்டுவார். பேசினால் ஊருக்கே கேட்கும். ஸ்டோர்க்காரர்கள் எல்லோருமே அப்படித்தான் என்பதால் லயத்தில் யாரும் அதை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

மனுஷனுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே கிறுக்கு பாட்டு. அதிலும் தமிழ்நாட்டுப் பாடகர் மருதூர் சோமநாதன் என்றால் உயிர். மழை விட்ட பிறகு ஒருவன் நனைந்த பாதையில் வீட்டுக்கு நடந்து வருவதாகச் சோமநாதன் ஒரு பாட்டுப் பாடியிருந்தார். ரேடியோவில் அது வந்தால் நல்லையா சோற்றில் வைத்த கையை எடுக்கமாட்டார். பாட்டு முடிந்த பிறகுதான் அடுத்த கவளம். ரெங்கம்மா அதைப் பார்த்துச் சிரிப்பாள். கல்யாணமான புதிதில் அவர் அந்தப் பாட்டை அவள் காதோரம் மெல்லப் பாடியதும் உண்டு.

தொண்ணூற்றொன்றில் சோமநாதன் பதுளைக்கு வந்தார். இரண்டு டிக்கெட்டுக்கு எட்டுப் பேர் காசு. நல்லையா ஸ்டோரில் எல்லோரிடமும் போகப்போவதாகச் சொல்லிவிட்டு, வந்து பெண்டாட்டியிடம் கேட்டார். அப்போது மகள் சுபாஜினி பள்ளிக்கூடம் சேர்ந்த நேரம். கூரைத் தகரம் வேறு ஒழுகியது. ரெங்கம்மா அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"மூணு மணி நேரப் பாட்டுக்கு எட்டுப் பேரு காசா? ரேடியோல சும்மாதானே பாடுறாரு, அதைக் கேளுங்க."

அவர் போய்த் தகரம் வாங்கி வந்து கூரையில் அடித்தார். அந்தக் கூரை இன்றைக்கும் ஒழுகவில்லை, அது வேறு விஷயம்.

சில வருஷம் கழித்து ரெங்கம்மா ஒன்றைக் கவனித்தாள். நல்லையா ரேடியோவைத் தொடுவதே இல்லை. முன்பெல்லாம் ஸ்டோரிலிருந்து வந்ததும் முதல் வேலை அதன் காதைத் திருகுவதுதான். இப்போது அது மாடத்தில் துணி போர்த்திக் கிடந்தது. சவரம் செய்யும்போது முணுமுணுக்கிற பாட்டும் நின்றுபோனது. ரேடியோவைக் கேள் என்று சொன்னோமே, அந்தக் கோபத்தில் மனுஷன் ரேடியோவையே வெறுத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டாள். வாய்விட்டுக் கேட்கப் பயம். அவளே போய்ப் போட்டுவிட்டால் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். கடைசியில் பேட்டரி தீர்ந்து, புதுப் பேட்டரி போட ஆளில்லாமல் ரேடியோ செத்தது.

தொண்ணூற்றேழில் மறுபடியும் நிகழ்ச்சி வந்தது. டிக்கெட் விலை இரண்டு மடங்காகியிருந்தது. இந்தத் தடவை ரெங்கம்மாதான் மெல்ல ஆரம்பித்தாள், போவோமா என்று. நல்லையா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தக் காசுக்கு வேற ஏதாச்சும் பாக்கலாம் புள்ள" என்றார். தன் சொல்லையே தனக்குத் திருப்பிக் கொடுக்கிறார் என்று அவளுக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு மலையில் தேயிலை மரத்துக்கு நடுவே நின்று அழுதாள். ஒரு நல்ல மனுஷனின் ஒரே ஆசையைத் தகரத்துக்கு விற்றுவிட்டோம் என்ற நினைப்பு அன்றிலிருந்து அவளை விடவே இல்லை. பிறகு ஒவ்வொரு தடவை பாட்டு நிகழ்ச்சி நோட்டீஸை எங்கே பார்த்தாலும் விலை ஏறியிருக்கும். ஏறட்டும், ஒருநாள் வாங்கிக் கொடுத்து அந்தக் கோபத்தை ஆற்றிவிட்டுத்தான் மறுவேலை என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள். நாட்டில் சண்டை ஓய்ந்து வெளிநாட்டு நிகழ்ச்சிகள் மலைநாட்டுக்கு அதிகமாக வரத் தொடங்கிய அந்த வருஷம், கிழவராகிவிட்ட சோமநாதன் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் முற்பணம் டிக்கெட்டாக மாறிய கதை இதுதான்.

டிக்கெட்டை நீட்டியபோது நல்லையாவின் முகம் ஒரு மாதிரியாகப் போனது. இவ்வளவு காசா என்றார். அவள் ஆசையோடு தலையாட்டினாள். டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு விரலைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அவளுக்கு அது போதுமாயிருந்தது.

நிகழ்ச்சி பகல் இரண்டு மணிக்கு. இருவரும் இருப்பதில் நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு பதுளைக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அக்கம்பக்கத்தில் இருந்ததெல்லாம் டவுன் முதலாளிகளும் அரசாங்க உத்தியோகத்தர்களும். ரெங்கம்மாவுக்குக் கூச்சமாயிருந்தாலும் ஒருநாளும் இல்லாத பெருமையாகவும் இருந்தது. சோமநாதன் மேடைக்கு வந்தார். தலை முழுக்க வெள்ளை, குரல் மட்டும் அப்படியே. ஜனம் கைதட்டியது. நல்லையாவும் தட்டினார். ரெங்கம்மா பாட்டைவிட அவரையே அதிகம் பார்த்தாள். மனுஷன் கண்ணை எடுக்காமல் பாடகரின் வாயையே பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தார். இந்த முகத்தைப் பார்க்கத்தானே இவ்வளவும் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. மழை விட்ட பாட்டு எப்போது வரும் என்று காத்திருந்தாள். அது மட்டும் வரவில்லை. பின்னாலிருந்த இளசுகள் புதுப்பாட்டுக் கேட்டுக் கத்தின. அவரும் அதையே பாடினார்.

நாலு மணிவாக்கில் தூறல் விழுந்தது. சோமநாதன் கண்ணை மூடி ஒரு மெதுவான பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். மேளமெல்லாம் அடங்கி, குரல் மட்டும் தனியாக வந்துகொண்டிருந்த இடம். மழையில் எந்த வயர் நனைந்ததோ, திடீரென்று சவுண்ட் செத்துப்போனது. ஒரு கணம் மைதானமே ஊமையானது. பிறகு பின்னாலிருந்து விசிலும் கூச்சலும் கிளம்ப, முன்வரிசைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண் மூடியிருந்த பாடகர் அது தெரியாமல் வாயசைத்துக்கொண்டிருந்தார்.

நல்லையா திரும்பவில்லை. அந்த வாயசைவைப் பார்த்து முன்போலவே தலையாட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் அதே சிரிப்பு. மடியில் விரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. சோமநாதன் கண் திறந்து, நிலைமை புரிந்து, சிரித்தபடி கையை விரித்த பிறகுதான் நல்லையாவின் தலை நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார்.

ரெங்கம்மா அவரையே பார்த்தாள். துணி போர்த்திய ரேடியோ, ஊருக்கே கேட்கிற பேச்சு, யார் பேசினாலும் அவர்கள் முகத்தையே பார்க்கிற பார்வை, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கூடவே இருந்து சோறு போட்டவளுக்கு இத்தனை வருஷம் இது தெரியவில்லை. சவுண்ட் திரும்பி வந்தது, பாட்டும் நடந்தது. அவளுக்கு அதற்குப் பிறகு ஒரு பாட்டும் மனசில் ஏறவில்லை. ஜனம் கைதட்டும்போதெல்லாம் முதல் ஆளாகத் தட்டினாள், அவர் பிந்திவிடாமல் இருக்க.

முடிந்து வெளியே வந்ததும் பஸ் நிலையத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை ஓரமாக அவரை இழுத்து நிறுத்தி, எதிரே வந்து நின்றாள்.

"எத்தன வருசமாங்க?"

நல்லையா அவள் வாயைப் பார்த்தார். மழுப்பப் பார்த்து முடியாமல் தலையைக் குனிந்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் போனது, சுபாஜினி பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு ஆரம்பித்தது என்றார். முதலில் பாட்டுத்தான் கெட்டுப்போனதாம். ரேடியோவில் வருவதெல்லாம் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி ஆனதும் அதைப் போட மனசு வரவில்லை. இப்போது மேளச் சத்தம் நெஞ்சில் இடிக்கும், அவ்வளவுதான். காது போனது ஸ்டோரில் தெரிந்தால் மலையில் வெளிவேலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை.

"எங்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாம்ல" என்றாள் ரெங்கம்மா. "நான் அன்னிக்கு டிக்கெட் வேணாம்னு சொன்னதுக்குத்தான் நீங்க ரேடியோவ விட்டீங்கன்னு இத்தன காலமா நெனச்சிட்டு இருந்தேன்."

அவள் சொன்னது புரியாமல் அவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். புரிந்ததும் ஆச்சரியமாகப் பார்த்தார். "அதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்ல புள்ள. கூர ஒழுகுச்சு, தகரம் வாங்குனோம். அதுல என்னா கோவம்?"

தேத்தண்ணிக் கடைக்காரன் இவர்களையே பார்த்தான். ரெங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இல்லாத கோபம் ஒன்றைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் அழுதிருக்கிறாள். அழ வேண்டியதற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எட்டுப் பேர் காசுக்கு டிக்கெட் விற்ற அன்றைக்கு இந்த மனுஷனுக்கு நன்றாகக் காது கேட்டது. இன்றைக்கு முற்பணம் முழுவதையும் கொட்டியும் அந்த டிக்கெட்டை அவளால் வாங்க முடியவில்லை.

பிறகு எதற்கு வந்தீர்கள் என்று கேட்டாள். "நீ அவ்வளவு ஆசையா வாங்கிட்டு வந்த. வேணாம்னு எப்புடிச் சொல்றது" என்றார் நல்லையா.

பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எல்ல என்ற ஊரைத் தாண்டியதும் மழை விட்டு, ரோடெல்லாம் நனைந்து மின்னியது. வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர் அவள் பக்கம் திரும்பினார். வண்டியில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"கடைசியா பாடுனது நம்ம பாட்டுதானே புள்ள? வாயப் பாத்தேன், அப்புடித்தான் இருந்துச்சு."

கடைசியாகப் பாடியது ஏதோ ஒரு புதுப்பாட்டு. ரெங்கம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். விரலை மேலே தூக்கி ஒரு வட்டம் சுற்றிக் காட்டினாள். நல்லையா திருப்தியாகத் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பண்டாரவளை வரும் வரை அவருடைய விரல்கள் கம்பியில் அந்தப் பழைய பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டே வந்தன. தாளம் ஒரு இடத்திலும் தப்பவில்லை.