குப்பைத் தொட்டியைப் பார்த்து வாங்கியவள்

அம்மா இறந்து பதினேழு நாள் ஆகிறது. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு அளவுகள்தான் வருகின்றன. உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். தண்ணீர்ப் பம்பு செய்யும் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருபத்தாறு வருடம். ஜன்னலோர மேசை. அதன் மேல் தொலைபேசி, பூதக்கண்ணாடி, நுணுக்கமாக அளக்க ஒரு வெர்னியர்.

திருகாணி முதல் ரப்பர் வளையம் வரை பம்புக்கு வேண்டியதை வெளியிலிருந்து வாங்குவது அவள் வேலை. தட்டச்சராகச் சேர்ந்தவள். ஆர்டர்களை அடித்து அடித்தே யாருடைய சரக்கு எங்கே காலை வாரும் என்று தெரிந்துகொண்டாள்.

புதிய பட்டறையிடம் வாங்கும் முன் சொல்லாமல் கொள்ளாமல் நேரில் போய் நிற்பாள். இயந்திரங்களைப் பார்க்கமாட்டாள். கழிவுத் தொட்டி எங்கே என்று கேட்பாள். அதில் வீணான உருப்படிகள் கிடந்தால் உட்கார்ந்து பேசுவாள். காலியாக இருந்தால் கிளம்பிவிடுவாள்.

"எங்ககிட்ட வேஸ்ட்டே கிடையாது மேடம்" என்று ஒரு பட்டறைக்காரர் பெருமையடித்துக்கொண்டார்.

"அப்ப அதெல்லாம் எங்களுக்குத்தான் வருதா அண்ணே?"

அவளுக்குக் 'குப்பையம்மா' என்று பெயர் விழுந்தது. வீட்டுக்கு ஃபோன் செய்பவர்கள்கூட வாய் தவறி, "குப்பையம்மா இருக்காங்களா?" என்பார்கள். "இருக்காங்க, பெருக்கிட்டு இருக்காங்க" என்பார் அப்பா.

பிரிவின் தலைவர் ஓய்வு பெறவிருந்தார். அந்த நாற்காலிக்கு இரண்டு பேர். ஒருத்தி அம்மா. இன்னொருவர் அவளைவிடப் பத்து வயது இளையவர். அலுவலகத்தில் அவரைச் 'சின்னவர்' என்பார்கள். அம்மா அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்டாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. புதிதாக ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கி, வீட்டுக்குள் மட்டும் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள்.

நான் அப்போது பொறியியல் கடைசி வருடம். ரப்பர் வளையத்துக்கு ஒரு புதிய பட்டறை வந்திருந்தது. அங்கே போக மூன்று பஸ் மாற வேண்டும்; அம்மாவுக்கு முழங்கால் வலி. பட்டறை அனுப்பிய ஆறு மாதிரிகளையும் நான் கல்லூரி ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். கடினம், இழுவிசை, எண்ணெயில் ஊறும் அளவு. எல்லாம் வரம்புக்குள். கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கி, அறிக்கையைக் கொடுத்தேன்.

"எதுக்கும் நேர்ல ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்" என்றாள்.

"எதுக்கும்மா? நம்பர் பொய் சொல்லுமா? இன்னும் எந்தக் காலத்துல இருக்க நீ, குப்பையக் கிளறிக்கிட்டு?"

அறிக்கையை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "படிச்சவ சொல்ற. சரி."

போகவில்லை.

நான் சோதித்த ஆறும் அவர்கள் பொறுக்கி எடுத்த ஆறு. பின்னால் வந்த சரக்கில் பாதி, சரியாக வேகாத ரப்பர். இரண்டு மாதத்தில் முந்நூற்றுச் சொச்சம் பம்புகள் ஒழுகித் திரும்பின. அதற்குப் பிறகு தொழிற்சாலையிலிருந்து ஒருவர் பட்டறைக்குப் போய்ப் பார்த்தார். தொட்டி துடைத்து வைத்தாற்போல இருந்ததாம்.

விசாரணைக் கூட்டம் நடந்த அன்று மாலை அம்மா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா சொன்ன அங்க?"

"போய்ப் பாக்கலன்னு சொன்னேன். அதுதானே நடந்துச்சு."

"சோதிச்சது நான்தானே. நான் வந்து சொல்றேன்."

"நீ யாருடி அந்த ஆபீஸுக்கு? போய்ப் படி."

நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வேலைக்கான நேர்முகத் தேர்வுகள் இருந்தன. அதைக் காரணமாக வைத்துக்கொண்டேன்.

நாற்காலி சின்னவருக்குப் போனது. அம்மா அதே ஜன்னலோர மேசையிலிருந்து எழுந்து போய் ஒன்பது வருடம் அவரிடம் கையெழுத்து வாங்கினாள். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் போனாள். "வாங்கினது வீணாகக் கூடாதில்ல" என்றாள்.

போன வாரம் சின்னவர் துக்கம் கேட்க வந்தார். அவருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. அம்மாவின் படத்தைப் பார்த்தபடி தேநீரைக் குடித்தார். நானே ஆரம்பித்தேன்.

"சார், அந்த ரப்பர் வளையத்தை சோதிச்சு சரின்னு சொன்னது நான்தான்."

"தெரியும்மா."

கூட்டத்துக்கு முந்தின நாள் அந்த அறிக்கையை அவர் அம்மாவின் மேசையில் பார்த்திருக்கிறார்.

"'இத ஃபைல்ல வைங்கக்கா. சோதிச்சுத்தான் வாங்கினீங்கன்னு ஆயிடும், உங்கள யாரும் அசைக்க முடியாது'ன்னேன். என் நாற்காலிக்கு நானே உலை வைக்கப் பாத்தேன்னு வெச்சுக்கோங்க."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"'அதுல எம்பொண்ணு கையெழுத்து இருக்கு தம்பி. வேலை தேடற நேரம்'னாங்க. நாலாக் கிழிச்சு மேசைக்கு அடியில இருந்த தொட்டியில போட்டாங்க. அப்புறம் என்னப் பாத்து, 'நம்ம தொட்டியும் காலியா இருக்கக் கூடாதில்ல'ன்னு சிரிச்சாங்க."

தேநீரை முடித்துவிட்டு அவர் கிளம்பினார். வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வந்து டம்ளர்களைக் கழுவினேன்.

அந்த ஆறு வளையங்களின் கடினம்: எழுபது, எழுபத்தொன்று, எழுபது, அறுபத்தொன்பது, எழுபது, எழுபத்தொன்று. ஒன்றுகூட நான் தப்பாக அளக்கவில்லை.