ஜோதி கேட்ட பரியம்

அட்டையைப் பிரித்ததும் பாச்சை உருண்டை வாசனை குப்பென்று அடித்தது... உள்ளே கருகருவென்று ஒரு பெரிய ரெக்கார்டு. வெயிலில் சாய்த்துப் பிடித்தால் எண்ணெய் தேய்த்த தோசைக்கல் மாதிரி மின்னும்.

தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது வாக்கில் இருக்கும். என் மகள் ஜோதி நாமக்கல்லில் காலேஜ் முடித்துவிட்டு மலைக்குத் திரும்பிய வருஷம். அடிவாரத்தில் பழைய சாமான் கடை வைத்திருந்த பாயிடம் வாங்கி வந்திருந்தாள். ஏற்காட்டில் யாரோ பங்களாவைக் காலி செய்தபோது வந்த சரக்காம். அட்டையில் பாடுகிறவர் படம்கூடக் கிடையாது. காலியான ஒரு நாற்காலி, அவ்வளவுதான்.

"ஆல்டர்நேட்டிவ் ராக்கும்மா இது" என்றாள்.

நான் அஞ்சாவது வரை படித்தவள். "பாட்டுத்தான கண்ணு, போடு" என்றேன்.

எங்கள் வீட்டுக்காரர், மலையில் எங்கள் பகுதியான குண்டூர் நாடு முழுக்கக் கல்யாணத்துக்கும் கோயில் நோம்பிக்கும் மைக் செட் கட்டியவர். கேசட் வந்த பிறகு அவருடைய ரெக்கார்டு பிளேயர் பரணில் கிடந்தது. ஜோதி அதை இறக்கித் துடைத்து, முள்ளை எடுத்து வைத்தாள்.

அடேயப்பா... ஒரு பெண் கீச்சுக் குரலில் கத்திக் கத்திப் பாடுகிறாள். பின்னால் மேளம் தடதடவென்று ஓடுகிறது. ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் மிளகு உருவிக்கொண்டே தினமும் கேட்டேன். இத்தனை கோபத்தை ஒரு பெண் இப்படி வாய்விட்டுச் சொல்ல முடியுமா என்று அவள்மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது.

அப்போதுதான் ஜோதிக்கு வரன் பார்க்க ஆரம்பித்தோம். எங்கள் மலையில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணுக்குப் பரியம் கொடுக்க வேண்டும். அவள் ஒரே போடாகப் போட்டாள்.

"எனக்குப் பரியமெல்லாம் வேண்டாம்மா. வர்றவரு இந்த ரெக்கார்டுல ஒரு பக்கம் முழுசா உக்காந்து கேக்கோணும். அப்படிக் கேக்கறவரத்தான் கட்டிக்குவேன்."

என் நாத்தனார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "நல்லா வளத்தி வெச்சிருக்க போ! எவன் உக்காருவான்? உம்பட புள்ள ஊட்டோடதான் கெடக்கோணும், பாத்துக்க."

நாத்தனார் சொன்னது நடந்துவிடும் என்று எனக்கும் பயம்தான். ஆனால் ஜோதியைத் தடுக்கவில்லை. என் கல்யாணத்தில் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. கூட்டிப் போனார்கள், போனேன். இவளாவது கேட்கட்டுமே...

முதலில் வந்த வரனின் அப்பா, பாட்டு ஆரம்பித்ததுமே, "ஏம்மா, உள்ள ஆட்டுக்குட்டிக்குக் காது குத்தறீங்களா?" என்றார். அடுத்து வந்தவர் ஆபீஸ் உத்தியோகம். மிக்சர் தட்டு காலியானதும் எழுந்துவிட்டார். இனி இவளுக்கு யாரும் வரமாட்டார்கள் என்று ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது.

அப்புறம் பெரக்கரை நாட்டிலிருந்து முருகேசன் வந்தார், தன் தாய்மாமனோடு. மிளகும் மரவள்ளியும் போடுகிற வீடு. திருவிழாவில் மேளம் அடிக்கிற பையன்.

முதல் பாட்டு முடிந்தது. மாமன் துண்டை உதறினார். "சரிங்க, பாட்டெல்லாம் போதும். புள்ளய வரச் சொல்லுங்க."

"இருங்க மாமா, இன்னும் ஓடுதில்ல" என்றார் முருகேசன்.

ரெண்டாவது பாட்டில் அவர் புருவம் சுருங்கியது. பிளேயர் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டார்.

"ஏனுங்க... இது வேகமா ஓடுதுங்க."

எங்கள் வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ர மிசினா? எத்தன கலியாணத்துக்குப் பாடுன மிசினு தெரியுமா தம்பி?"

"தப்பா நெனைக்காதீங்க. எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனா இந்த மேளக்காரன் மூச்சே விடல பாருங்க. மனுசன் அடிச்சா இப்படி வராதுங்க."

சொல்லிவிட்டு, சுற்றுகிற தட்டின் ஓரத்தில் ஒற்றை விரலை மெல்ல வைத்தார்.

பாட்டு தள்ளாடியது... குடித்தவன் மாதிரி இழுத்தது... பிறகு மெதுவாக இறங்கி ஒரே வேகத்தில் நிலைத்தது.

அந்தப் பெண் ஆண் ஆகிவிட்டாள்! கனத்த, துக்கமான குரல். பக்கத்தில் உட்கார்ந்து நம்மிடம் சொல்வது மாதிரி. எங்கள் வீட்டுக்காரருடைய மிசினில் வேகம் மாற்றுகிற குமிழ், சினிமாப் பாட்டுச் சின்னத் தட்டுக்கான வேகத்திலேயே துருப்பிடித்து நின்றிருக்கிறது. பெரிய தட்டு மெதுவாக ஓட வேண்டுமாம். கல்யாணத்துக்குப் போட்டதெல்லாம் சின்னத் தட்டுதான், எங்களுக்கு எங்கே தெரிந்தது!

மாமன் தலையில் அடித்துக்கொண்டார். "டேய், பொண்ணு பாக்க வந்தியா, மிசினு ரிப்பேரு பாக்க வந்தியா?"

முருகேசன் வெட்கப்பட்டு விரலை எடுக்கப் போனார். அதற்குள் சமையல்கட்டிலிருந்து ஜோதி வெளியே வந்துவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை. காபித் தட்டும் கையில் இல்லை.

"வெரல எடுக்காதீங்க..." என்றாள். "பக்கம் முடியட்டும்."

அவர் எடுக்கவில்லை. கால் மரத்துப்போய், குந்தியபடியே, கடைசிப் பாட்டு வரைக்கும் விரலை வைத்திருந்தார். அவள் நிலைப்படியில் சாய்ந்து நின்று கேட்டாள். எங்கள் வீட்டுக்காரர் எழுந்துபோய் வெற்றிலைத் தட்டை எடுத்து வந்து மாமன் முன்னால் வைத்தார்.

எத்தனையோ கல்யாணம் பார்த்திருக்கிறேன். என் மகளைப்போலத் தனக்கு வேண்டியதைக் கூச்சமில்லாமல் கேட்டு வாங்கியவளை நான் பார்த்ததில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

இப்போது எங்கள் மலையிலும் பரியம் போய், பெண் வீட்டாரிடமே பவுன் கேட்கிற காலம் வந்துவிட்டது. போட்டோ போனில் வருகிறது, பதிலும் போனில் போகிறது. யாரும் மலை ஏறி வந்து குந்த வேண்டியதில்லை.

போன வாரம் ஜோதியின் மகள் கூப்பிட்டாள். சேலத்தில் ஒரு ஓட்டலில் பையனைப் பார்க்கப் போகிறாளாம்.

"அம்மாயி, அவன்கிட்ட என்ன கேக்கறது?"

"ஒண்ணும் கேக்காத சாமி. உனக்குப் புடிச்ச பாட்டப் போட்டுட்டு, அவன் என்ன பண்றான்னு பாரு."

"ஓட்டல்ல எப்படி அம்மாயி சத்தமா போடறது? ஹெட்போன்தான். ஆளுக்கு ஒரு காது."

ஆளுக்கு ஒரு காது... கொஞ்சம் கிட்டத்தில் உட்கார வேண்டியிருக்கும். இருக்கட்டும், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.