ஒன்றும் விதைக்காத தட்டு

தேனாம்பேட்டையில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. கண்ணாடித் தட்டின் மூடியைத் திறந்தால் வாயைத் திறக்கக்கூடாது. எச்சில் தெறித்தால் தட்டிலிருக்கும் மாவைக் கரைத்துவிடும்.

நெசவுப் பாவுக்குப் போடும் கஞ்சியைக் கெடுக்கும் கிருமி எது என்று தேடிக்கொண்டிருந்தோம். இறைச்சிச் சாற்றில் கடற்பாசியும் மாவும் சேர்த்துக் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றுவது என் வேலை. மயிலாப்பூரில் வளர்ந்த மூக்கு அந்த வாடைக்குப் பழக ஒரு மாதம் ஆயிற்று. ஆறிய தட்டில் கம்பியால் கீறிக் கிருமியை விதைப்பவள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். பி.எஸ்ஸி. படித்தவள், எங்கள் பக்கத்துத் தெருக்காரி. அவள் குனிந்து கீறும்போது நான் என் வேலையைப் பார்த்ததே இல்லை.

இரண்டு நாள் கழித்து அயோடின் ஊற்றுவோம். மாவு இருக்கும் இடம் கருநீலமாகும், கிருமி தின்ற இடம் வெளுத்து நிற்கும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தட்டில் வெறும் கம்பியால் மட்டும் கீறுவாள். அது முழுக்க நீலமாகாவிட்டால் அந்த வார வேலை பாழ்.

ஒரு திங்கட்கிழமை, "ஐப்பசியில கல்யாணம். அவர் ரங்கூன்ல இருக்கார்" என்றாள். சொல்லிவிட்டு வெறும் தட்டைத் திறந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. மேஜைமேல் சாய்ந்து, "போய்த்தான் ஆகணுமா? நான் ஒருத்தன் இங்க இருக்கேனே!" என்றேன்.

கம்பி அப்படியே நின்றது. அவள் கீறி முடித்து மூடியபோது ஆய்வுக்கூடத்தின் தலைவரான பெரியவர் உள்ளே வந்துவிட்டார்.

புதன்கிழமை அவரே அயோடின் ஊற்றினார். வெறும் தட்டின் நீலத்தில் ஏழெட்டு வெள்ளைப் புள்ளிகள்.

"திறந்து வச்சுண்டு பேசினது யாரு?"

நான் ஒரு குடுவையை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் திரும்பினேன்.

"நான்தான் சார்" என்றாள் அவள்.

மத்தியானம்வரை வசவு வாங்கினாள். நான் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன், மகா வீரன்!

அந்த 'நான்தான்' எனக்குச் சொன்ன பதிலா, வெறும் இரக்கமா என்று கேட்கப் பதினைந்து நாள் இருந்தது. கேட்கவில்லை. அவள் கப்பலேறிவிட்டாள். இத்தனை வயதுக்குப் பிறகும் அவளுக்காக மனசு ஏங்குகிறது. என்னோடு வந்திருப்பாள் என்று சொல்லமாட்டேன். "இல்லை சார், பேசினது நான்" என்று சொல்லும் ஒருவனையாவது அவள் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம்.